வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா?

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தினாலும் முன்பக்கம் இடதுபுறம் ஒரு விரல் அளவுக்குத் தாழ்ந்து நிற்கிறது. டார்ஷன் பாரை (முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி) திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஜாக்கி போட்டு நானே செய்துவிடலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே போகாதீர்கள். அதற்கும் முன்னால், வண்டி ஏன் தாழ்ந்தது என்று கண்டுபிடியுங்கள். காரணம் தெரியாமல் பாரைத் திருப்பினால் பழுது அப்படியே இருக்கும், சாய்வு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் இருக்கும் கனமான சாமான்களை இறக்குங்கள். வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, பிறகு அளவெடுங்கள். மட்கார்டு விளிம்பிலிருந்து மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள், பழைய வண்டியில் எத்தனை தடவை தட்டி நிமிர்த்திய மட்கார்டோ யாருக்குத் தெரியும்! கீழ்க்கை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்பக்க இரும்புக் கை) சேஸிஸோடு சேரும் இடத்திலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளப்பதுதான் சரி.

அப்புறம் ஒரு சோதனை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பின்பக்கத்தை டிஃபரன்ஷியலின் (பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் பல்சக்கரப் பெட்டி) நடுவில் ஜாக்கி வைத்து, சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பும் வரை தூக்குங்கள் (ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அதனால் கட்டை கட்டாயம்). இப்போது முன்பக்கம் சமமாகிவிட்டால் குற்றம் பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கில், முன்னால் தொட வேண்டிய வேலையே இல்லை. இதைச் செய்யாமல் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு நான் ஒருமுறை இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

அப்போதும் சாய்வு இருந்தால் முன்பக்கம்தான். 1948-ல் வெளிவந்த இந்த வண்டிக்கு, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முன்னால் காயில் ஸ்பிரிங் வைக்கவில்லை. அதற்குப் பதில் டார்ஷன் பார்: தரைத்தகட்டுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஒரு எஃகுக் கம்பி, ஒரு முனை கீழ்க்கையோடு, மறுமுனை சேஸிஸோடு. சக்கரம் மேலேறும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுகூட முறுக்கு முழுதாக விட்டுப்போவதில்லை, ஆபத்தே இதில்தான். போல்ட்டை உருவினால் கீழ்க்கை படாரென்று கீழே அடிக்கும், அந்த வழியில் உங்கள் விரல் இருந்தால் விரல் போச்சு.

அதனால் கெட்டியான சமதளத் தரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல், சிமென்ட் பிளாக் வேண்டாம், அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். உள்ளே போகுமுன் வண்டியை நன்றாக உலுக்கிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கீழ்க்கைக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்து, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கம்பியின் பின்முனையில் இருக்கும் லீவரைப் பல்லில் நகர்த்தி வைப்பதை உங்கள் மாடலுக்கான கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள். பழைய நிலையை முதலில் பெயிண்டால் குறித்துவிடுங்கள்.

இடது கம்பியை வலதுக்கு மாற்றாதீர்கள், ஒரு பக்கமாக முறுகிப் பழகியதை எதிர்ப்பக்கம் முறுக்கினால் உடையும். கம்பியின் மேல் ஸ்பேனர் சறுக்கி ஒரு கீறல் விழுந்தாலும் பிற்பாடு விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

மூட்டுகளில் புஷ் ரப்பர் உள்ள இடத்து நட்டுகளைக் கடைசியாக முறுக்குவது வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து கிழிந்துவிடும். கழற்றிய ஸ்பிளிட் பின்னை (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். உயரம் மாறினால் டோ-இன்னும் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மாறும், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் தூரப் பயணம் வேண்டாம்.

வண்டி தூக்கியிருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மைனரில் கீழ் டிரன்னியனுக்கு (சக்கரத்தைக் கீழ்க்கையோடு சேர்க்கும் மரையுள்ள மூட்டு) கிரீஸ் போகாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். அங்கே ஆட்டம் தெரிந்தால் உயரத்தை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: என் பழைய காரில் முன்னால் காயில் ஸ்பிரிங். கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுக் கழற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அழுத்திய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பிரிங் கம்ப்ரெஸரை (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்கியோ இரவல் வாங்கியோ, எதிரெதிரே இரண்டு மாட்டி, மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் வில்போல வளைந்து நழுவும். முகத்தை அதன் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். கம்ப்ரெஸரின் மரை தேய்ந்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.