படகில் தீட்டிய எண்ணும் கைபேசியில் பதிந்த எண்ணும்

ஒவ்வொரு கைபேசிக்கும் தனி அடையாளமாகப் பதிக்கப்படும் ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது குறித்து ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: தங்கச்சிமடத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடலுக்குப் போய்வருபவர்களின் செட்டுகளே அதிகம் வரும். உப்புத் தண்ணீர் போன செட்டில் மென்பொருளைப் புதிதாக ஏற்றும்போது சில சமயம் ஐஎம்இஐ எண் அழிந்துவிடுகிறது; செட் வேலை செய்தாலும் சிக்னல் வருவதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதே எண்ணைத் திரும்ப எழுதிக் கொடுப்பது குற்றமா? வேறொரு எண்ணை எழுதித் தரும்படியும் சிலர் கேட்கிறார்கள். மறுத்தால், “அடுத்த கடையில் செய்கிறார்களே” என்கிறார்கள்.

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு வெவ்வேறு செயல்கள். கணினியில் இரண்டையும் ஒரே மென்பொருளால் செய்துவிடலாம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இரண்டாவதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஊர்க் கரையில் நிற்கும் விசைப்படகுகளில் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும் பதிவு எண் தீட்டியிருப்பதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். ஒருவர் தம் படகில் அடுத்தவர் படகின் எண்ணைத் தீட்டிக்கொண்டு கடலுக்குப் போனால், அங்கே அவர் செய்யும் தவறுக்கெல்லாம் கரையில் உட்கார்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் அந்த அடுத்தவர்தான் முதலில் விசாரணைக்கு இழுக்கப்படுவார். கைபேசியிலும் நடப்பது இதுவே. ஐஎம்இஐ எண்ணில் 15 இலக்கங்கள் உண்டு. முதல் 8 இலக்கங்கள் அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதைச் சொல்கின்றன. அடுத்த 6 இலக்கங்கள் அந்த ஒரு செட்டுக்கு மட்டும் உரிய வரிசை எண். கடைசி இலக்கம் முந்தைய 14 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் கேட்பதுபோல் “ஏதாவது ஓர் எண்” என்று ஒன்று கிடையாது. வலையமைப்பு மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும்படி ஓர் எண்ணை எழுதினால், பெரும்பாலும் அது எங்கோ யாரோ கையில் வைத்திருக்கும் செட்டின் எண்ணாகவே இருக்கும். அவரை நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அவர் வாசலில் காவலர் வந்து நிற்பதற்கு நீங்கள் காரணமாகலாம். இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். எண்ணை மாற்றித் தரச் சொல்லி வருபவரின் செட், தொலைத்தவர் முறையாகப் புகார் கொடுத்து, எந்த சிம்மிலும் இயங்காதபடி முடக்கி வைத்த செட்டாக இருந்தால், அது திரும்பக் கிடைப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழியை நீங்கள் அடைத்துவிடுகிறீர்கள்.

ஒரே எண் பல செட்டுகளில் இருந்தால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு, 2020-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் வெளிவந்த செய்தி போதும். பழுது பார்த்த பிறகும் சரியாக இயங்காத தம் கைபேசியைக் காவல்துறை அலுவலர் ஒருவர் ஆய்வுக்குக் கொடுத்தார். அதன் எண்ணைத் தேடிப் பார்த்தபோது, நாட்டின் பல மாநிலங்களில் 13,000-க்கும் மேற்பட்ட செட்டுகள் அதே எண்ணில் இயங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவற்றில் ஒன்று குற்றத்துக்குப் பயன்பட்டிருந்தால், அது எந்த ஒன்று என்று யார் கண்டுபிடிப்பது?

சட்டத்தின் நிலை இது. உற்பத்தியாளர் தவிர வேறு எவரும் இந்த எண்ணை வேண்டுமென்றே நீக்குவதோ அழிப்பதோ மாற்றுவதோ கூடாது என்று மத்திய அரசு 2017-இல் விதி செய்தது. எண் மாற்றப்பட்டது என்று தெரிந்தே அத்தகைய சாதனத்தையோ மென்பொருளையோ வைத்திருப்பதையும் அந்த விதி தடுத்தது. பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், 42-ஆம் பிரிவு தொலைத்தொடர்பு அடையாள எண்களைத் திருத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம்; ஜாமீனைக் காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளும் இதே தடையைத் தொடர்கின்றன. சில நூறு ரூபாய்க் கூலிக்காக இதற்குத் துணிகிற அடுத்த கடைக்காரரைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட வேண்டியதில்லை. அவர் கணினியில் எழுதியதற்கான தடயமும் பெரும்பாலும் அதே கணினியிலேயே இருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. பெட்டியில் உள்ள அதே எண்ணை அதே செட்டில் திரும்ப எழுதுவதை நெறியின் பக்கம் நின்று பார்த்தால் நான் குறை சொல்லமாட்டேன். வெயிலில் வெளுத்துப்போன படகின் எண்ணை அதே எண்ணாக மறுபடி தீட்டுவது யாரையும் ஏமாற்றுவதாகாது. ஆனால் விதியை எழுதியவர்கள் உங்கள் கடையில் நடக்கும் இந்த நல்லெண்ண வேலையை மனத்தில் கொண்டு எழுதவில்லை. 2017 விதி உற்பத்தியாளருக்கு மட்டுமே விலக்கு அளித்தது. பழுது பார்ப்பவருக்கென்று ஒரு விலக்கு அதில் இல்லை. “நான் மாற்றவில்லை, இருந்ததைத்தான் திரும்ப வைத்தேன்” என்ற உங்கள் வாதம் நியாயமானது. அந்த நியாயத்தை ஒரு வழக்கில் சிக்கிய பிறகு நிறுவ வேண்டிய நிலைக்கு நீங்கள் ஏன் ஆளாக வேண்டும்? மேலும், இதைச் செய்வதற்கான கருவியும் மென்பொருளும் கடையில் இருப்பதே சோதனைக்கு வருபவர் கண்ணில் வேறுவிதமாகத் தெரியும். அதனால் எண் அழிந்த செட்டை, பெட்டியையும் ரசீதையும் சேர்த்து, அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். ராமநாதபுரமோ மதுரையோ போய்வரும் செலவு வாடிக்கையாளருக்குக் கசக்கும் என்பது எனக்குத் தெரியும். சிறிய பழுதுக்கடைகள் முறையாக விண்ணப்பித்து, பழைய எண்ணையே மீட்டுத் தருவதற்கு ஒரு வழியை அரசு வகுத்துத்தர வேண்டும் என்றும் நினைக்கிறேன். அந்த வழி வரும்வரை இப்போதைய விதிக்கு உட்பட்டு நடப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய டெட் செட்டிலிருந்து போர்டை எடுத்து மற்றொன்றில் பொருத்தினால், எண் போர்டோடுதான் வரும். அந்த போர்டு எந்தச் செட்டிலிருந்து வந்தது, யார் விற்றார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளருக்கும் புதிய எண்ணைக் குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். போர்டு திருட்டுச் செட்டிலிருந்து வந்ததாக இருந்தால், அந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில், தெரிந்தவர் ஒருவரிடம் பழைய கைபேசி வாங்கினோம். மூன்று மாதம் கழித்து வேறொரு மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து அழைத்து, அது காணாமல்போன செட் என்கிறார்கள். உம்மா பயந்துபோய் அதைக் கடலில் எறிந்துவிடச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் உம்மாவிடம் சொல்லுங்கள்: எறியவே கூடாது. அறியாமல் வாங்கியவர் குற்றவாளி அல்லர். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்துடன் பெறுவதைத்தான், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு தண்டிக்கிறது. பொருளை அழித்துவிட்டால், அறியாமல் வாங்கியவர் என்ற உங்கள் நிலை அங்கேயே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். முதலில், அழைத்தது உண்மையில் காவல் நிலையம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காவலர் போலப் பேசிப் பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. கீழக்கரை காவல் நிலையத்துக்கு நேரில் போய், அழைத்தவர் சொன்ன நிலையத்தின் பெயரைக் கூறி விசாரியுங்கள். யாருக்கும் இணைய வழியில் பணம் அனுப்பாதீர்கள். பணம் கேட்டால் இணைய மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அழைப்பு உண்மையானது என்றால் செட்டை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குச் சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவரின் பெயரையும், பணம் கொடுத்ததற்கான ஆதாரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்தவர் என்ற தயக்கம் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் அவர்தான்.

இனி பழைய செட் வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் *#06# அழுத்திப் பாருங்கள். இரண்டு சிம் போடும் செட்டில் இரண்டு எண்கள் வரும். அவை பெட்டியில் அச்சிட்ட எண்களோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் அடித்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். வரும் பதிலில் நிறுவனத்தின் பெயரும் மாதிரியும் இருக்கும். கையில் இருப்பது ஒரு செட், பதிலில் வந்தது வேறொரு செட் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். என் பணத்தில் வாங்கிய கைபேசி என் சொத்து. என்னை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக அதில் உள்ள எண்ணை மாற்ற எனக்கு உரிமை இல்லையா? வைஃபை முகவரியைக் கைபேசியே மாற்றிக்கொள்கிறதே!

பதில்: உங்கள் கவலை நியாயமானது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் வழி அந்த உரிமையைக் காக்காது. உங்கள் சிம் உங்கள் ஆதாரையோ வேறு அடையாளச் சான்றையோ காட்டி வாங்கியது. அதற்கும் தனியாக ஓர் அடையாள எண் இருக்கிறது. செட்டின் எண்ணை எத்தனை முறை மாற்றினாலும், அந்த சிம்மைப் போட்டவுடன் நீங்கள் யார் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். கிடைக்காத மறைவுக்காகக் குற்றம் செய்தவராக ஆவதுதான் மிச்சம்.

வைஃபை முகவரியின் கதை வேறு. கடைக்குக் கடை உங்களைத் தொடர்வதைத் தடுப்பதற்காக, அந்த முகவரியைக் கைபேசி செய்தவர்களே மாறும்படி அமைத்திருக்கிறார்கள். அதை மாற்றுவதால் இன்னொருவர் தலையில் பழி விழுவதற்கான வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். ஐஎம்இஐ எண்ணோ நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பதிவேட்டில் உங்கள் செட்டுக்கு ஒதுக்கிய இடம். செட் உங்கள் சொத்துதான். பதிவேடு எல்லோருக்கும் பொது. நிலம் உங்களுடையது என்பதால் பட்டாவில் உள்ள புல எண்ணை நீங்களே திருத்தி எழுதிவிட முடியுமா? உங்களுக்கு உண்மையில் தேவையான பாதுகாப்பு வேறு இடத்தில் கிடைக்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், நாம் நிறுவும் சாதாரணச் செயலிகளால் ஐஎம்இஐ எண்ணைப் படிக்க முடியாது. அதைவிடப் பழைய பதிப்பில் இருந்தால் புதுப்பியுங்கள். இருப்பிடத்தைக் கேட்கும் செயலிகளுக்கு அனுமதி மறுத்துவிடுங்கள். அரசு இந்த எண்களை எந்த அளவுக்குச் சேகரிக்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற கேள்வியை உங்களைப் போன்றவர்கள் உரக்கக் கேட்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

கேள்வி: தொண்டியைச் சேர்ந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் கடையிலேயே 199 ரூபாய் வாங்கிக்கொண்டு எண் போட்டுக் கொடுத்தார்கள். அன்று சரியானது இன்று எப்படிக் குற்றமாகும்?

பதில்: நன்றாக நினைவு வைத்திருக்கிறீர்கள். அது 2009. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக, குஜராத் மீனவர்களின் படகு ஒன்றைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அடையாளத்தை மறைத்து வருவது எவ்வளவு எளிது என்பதை நாடு அப்போது உணர்ந்தது. எண்ணே இல்லாமலும், எல்லாம் சுழியமாகவும் விற்கப்பட்ட மலிவுச் செட்டுகளின் இணைப்பை 2009 டிசம்பர் முதல் துண்டிக்க அரசு ஆணையிட்டது. அறியாமல் வாங்கிய ஏழைகள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு, வேறு எந்தச் செட்டுக்கும் தராத உண்மையான எண்களை ஒதுக்கிப் பதித்துக் கொடுத்தார்கள். எண் இல்லாத செட்டுக்குப் பதிவேட்டிலிருந்தே ஓர் எண் கிடைத்தது. இன்று செய்வது அப்படியல்ல. ஏற்கெனவே எண் உள்ள செட்டின் எண்ணை அழிக்கிறார்கள்.

கேள்வி: பாம்பனில் நாட்டுப்படகில் தொழில் செய்கிறேன். கைபேசி கடலில் விழுந்துவிட்டது. விழுந்ததை யார் எடுக்கப்போகிறார்கள்? முடக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஆழ்கடலில் உங்கள் கண்முன்னே விழுந்தது என்றால் சிம்மை மட்டும் நிறுத்தி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிக்கொண்டால் போதும். கரையிலோ பாலத்தருகிலோ தவறியது, விழுந்த இடம் உறுதியாகத் தெரியாது என்றால் முடக்கிவிடுங்கள். காவல்துறையில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொண்டு, 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்கும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் செட்டின் இரண்டு எண்களையும், வாங்கிய ரசீதையும், அடையாளச் சான்றையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ததும் கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். செட் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அது வேண்டும். பதிவின்போது உங்கள் கைபேசி எண்ணுக்கு ஒரு கடவு எண் வரும் என்பதால் மாற்று சிம்மை முதலில் வாங்கிவிடுங்கள். புதிய சிம்மில் குறுஞ்செய்தி வரத் தொடங்க ஒரு நாள் வரை ஆகலாம்.