எட்டாவுக்கு வாரிசு கிடையாது, மொழிபெயர்ப்புக்கு உண்டு

கேள்வி: நாங்கள் நோர்வேயின் பேர்கன் நகரில் வசிக்கிறோம். 17 வயதான என் மகன், நண்பர்கள் மூவருடன் சேர்ந்து ஒரு மெட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறான். பாடல் வரிகளும் அவனே எழுதுகிறான். வைக்கிங் காலத்துத் தெய்வங்களைப் பற்றிய ஆறு பாடல்களைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிட இருந்தார்கள். ஒரு பாடலில், ஓடின் என்னும் தெய்வம் மரத்தில் தொங்கும் பகுதியை, 'எட்டா' என்னும் பழைய ஐஸ்லாந்து நூலின் மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறான். முன்னோட்டம் வெளியான சில நாள்களில், 'எட்டாவின் உரிமைகளை நிர்வகிக்கும் முகவர்' என்று கூறிக்கொள்ளும் ஒருவர், 6,500 குரோனர் கட்டினால் அனுமதிப் பத்திரம் தருவதாகவும், தவறினால் பாடலை நீக்கச் செய்வதாகவும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஆனால் நான் கட்ட வேண்டாம் என்று சொன்னதை வைத்துக்கொண்டு, பாடலை இப்போது உள்ளபடியே வெளியிட்டுவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

முதலில் அந்த முகவரைப் பார்ப்போம். 'எட்டாவின் உரிமைகள்' என்ற சொற்றொடரே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓடின், தோர், லோகி ஆகியோரின் கதைகளுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் தலையாய ஆதாரங்கள் இரண்டே, இரண்டுக்கும் எட்டா என்றே பெயர்: 1220 வாக்கில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதிய உரைநடை நூல் ஒன்று, 1270-களில் பெயர் தெரியாத ஒருவர் தோலில் எழுதிவைத்த பாட்டுத் தொகுப்பு மற்றொன்று. இன்று 45 இதழ்கள் எஞ்சியிருக்கும் இந்த இரண்டாவது சுவடி 1643-இல் ஐஸ்லாந்து ஆயர் ஒருவர் கைக்கு வந்தது. அவர் அதனை 1662-இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1971 ஏப்ரல் 21 அன்று, டென்மார்க் கடற்படைக் கப்பலில் அது ரெய்க்யவிக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தபோது மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். அந்தச் சுவடியைப் பாதுகாத்துவரும் நிறுவனமே அதிலுள்ள பாட்டுக்குக் கட்டணம் கேட்க முடியாது. எழுதியவர் இறந்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு பாட்டுக்கு, முகவரி இல்லாத ஒரு மின்னஞ்சல்காரர் வாரிசாக முடியுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மகன் செய்த பிழைக்கு வருகிறேன். அவன் எடுத்தது எட்டாவிலிருந்து அல்ல, எட்டாவின் மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்து. மூலத்துக்கு உரிமையாளர் இல்லை; மொழிபெயர்ப்புக்கு உண்டு. இந்த ஒன்றைத்தான் இளைஞர்கள் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் தாமே ஒரு படைப்பாளர் என்பது சட்டத்தின் நிலை. நோர்வேயில் அவருடைய உரிமை அவர் வாழ்நாள் முழுவதும் நீடித்து, அவர் இறந்த ஆண்டின் இறுதியிலிருந்து மேலும் 70 ஆண்டுகளுக்குத் தொடர்கிறது. கவனியுங்கள், கணக்கு தொடங்குவது நூல் அச்சான ஆண்டிலிருந்து அல்ல, மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டிலிருந்து. 'புத்தகம் நூறு ஆண்டுப் பழையது, ஆகவே பொதுச் சொத்து' என்று எண்ணிக் கெட்டவர்கள் ஏராளம். ஜெர்மன் மொழியில் மிகவும் பரவலான ஃபெலிக்ஸ் கென்ஸ்மரின் எட்டா மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி 1912-இலேயே அச்சானது. ஆனால் அவர் 1959 வரை வாழ்ந்தார், எனவே அவருடைய வரிகள் 2029 டிசம்பர் 31 வரை பாதுகாப்பில் உள்ளன. நோர்வே மொழியில் பல வீடுகளில் இருக்கும் லூட்விக் ஹோல்ம்-ஊல்சனின் 1975-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக்கோ, அவர் 1990-இல் காலமானதால், 2060 முடியும் வரை உரிமை உண்டு. மாறாக, நோர்வே எழுத்துமொழியின் இரு வடிவங்களில் ஒன்றான நைநொர்ஸ்க்கில் மொழிபெயர்த்த ஈவார் மோர்டென்சன்-எக்னுண்ட் 1934-இல் இறந்துவிட்டார். ஆங்கிலத்தில் 1923-இல் மொழிபெயர்த்த ஹென்றி ஆடம்ஸ் பெல்லோஸ் 1939-இல் இறந்துவிட்டார். இவ்விருவரின் வரிகளையும் உங்கள் மகன் தாராளமாகப் பாடலாம். இவற்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பழைய மொழிபெயர்ப்பை வேறொருவர் பிற்காலத்தில் திருத்தி வெளியிட்டிருந்தால், அந்தத் திருத்தங்களுக்குத் திருத்தியவரின் ஆயுட்கணக்கு தனியே ஓடும். ஆகவே தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டார் வாசிக்கும் ஒரு பையனை இறப்புப் பதிவேடுகளைப் புரட்ட வைக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், ஒருநாளும் ஒரு பாட்டுக்கூட எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

'நான் அந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுத்தேன் என்று யாருக்குத் தெரியும்?' என்று உங்கள் மகன் கேட்கக் கூடும். தெரிந்துவிடும். அவன் எடுத்த பகுதியையே எடுத்துக்கொள்வோம். அது ஹாவமால் என்னும் நெடும்பாட்டில், பெரும்பாலான பதிப்புகளில் 138-ஆம் செய்யுளாக வருகிறது. மூலத்தின் பொருள் ஏறத்தாழ இதுதான்: காற்றலைக்கும் மரத்தில் ஒன்பது இரவும் முழுதாகத் தொங்கினேன் என்பதை அறிவேன், ஈட்டியால் குத்துண்டு, ஓடினுக்குப் பலியாக, நானே எனக்குப் பலியாக. மூலம் 'அறிவேன்' என்று தொடங்குகிறது. பெல்லோஸ் அந்த இடத்தில் 'எண்ணுகிறேன்' என்று பொருள்படும் வழக்கொழிந்த ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்தார். மூலத்தைப் படித்து ஆங்கிலத்தில் எழுதும் எவருக்கும் இயல்பாகத் தோன்றாத சொல் அது; பாடலில் அந்தச் சொல் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் இப்படித் தம் கைரேகையை எங்கேனும் விட்டுச்செல்கிறார். மூலத்தின் மோனையைத் தம் மொழியிலும் கொண்டுவர முயன்றவர்களிடம் இது இன்னும் அதிகம். மோனைக்காகத் தேடி வைத்த சொற்கள் அனைத்தும் அவர்களுடைய சொந்தத் தேர்வுகள் அல்லவா. ஒன்பது இரவு, ஈட்டி, மரம் ஆகியவை எவருக்கும் சொந்தமில்லை. அவற்றைச் சொல்லும் முறை சொந்தம்.

எனவே வழி எளிது. அந்த வரிகளை நீக்கிவிட்டு, கதையை மட்டும் வைத்துக்கொண்டு, சொற்களை உங்கள் மகனே எழுதட்டும். பெயர்பெற்ற குழுக்கள் செய்திருப்பதும் அதுதான். ஸ்வீடனின் அமோன் அமார்த் குழு 2008-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடல், ராக்னரோக் என்னும் இறுதிப் போரில் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்போடு தோர் மோதுவதைச் சொல்கிறது. வோலுஸ்பா என்ற பழம்பாட்டில் இந்தக் கட்டத்துக்கு ஒரேயொரு செய்யுள்தான்: பாம்பைக் கொன்ற தோர் ஒன்பது அடி எடுத்து வைக்கிறான். அவன் ஏன் ஒன்பதோடு நின்றுபோகிறான் என்பதை ஸ்னோரிதான் விளக்குகிறார். பாம்பு உமிழ்ந்த நஞ்சினால் விழுந்து மடிகிறான். இத்தனை சுருக்கமான மூலத்திலிருந்து ஒரு முழுப் பாடலை எழுப்ப வேண்டுமானால், இடைவெளிகளை நிரப்புவது பாடலாசிரியரின் வேலை. ஐஸ்லாந்தின் ஸ்கால்மோல்ட் குழு இன்னும் ஒரு படி மேலே போய், பழைய செய்யுள் யாப்பிலேயே, மோனை பிறழாமல், புதிய வரிகளை எழுதுகிறது. வடிவம் பொதுச் சொத்து, வரிகள் அவர்களுடையவை. உங்கள் ஊரோடு தொடர்புடைய என்ஸ்லேவ்ட் குழு 1994-இல் வெளியிட்ட முதல் தொகுப்பைப் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியிலேயே பாடியது. (அந்தக் குழு 1991-இல் தொடங்கியபோது அதன் கிட்டார் கலைஞர் ஈவார் பியோர்ன்சனுக்கு வயது 13. உங்கள் மகனின் வயதைப் பற்றி நீங்கள் கவலைப்படுபவராக இருந்தால் இது ஆறுதலாக இருக்கட்டும்.) மொழிபெயர்ப்பே வேண்டாம், மூலத்தின் பழைய நார்ஸ் மொழியிலேயே அந்தச் செய்யுளைப் பாடுகிறேன் என்று உங்கள் மகன் சொன்னால், அதற்கும் தடையில்லை.

மெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தச் சுவடியில் சொற்கள் உண்டு, இசைக்குறிப்பு கிடையாது. 'வைக்கிங் காலத்து மெட்டு' என்று இணையத்தில் கேட்பவை பெரும்பாலும் இன்று வாழும் ஒருவரின் ஆக்கம். வார்ட்ரூனா என்னும் நோர்வே இசைக்குழுவின் பாடல்களைக் கேட்டுவிட்டு, அவை ஏதோ வழிவழியாக வந்த நாட்டுப்பாடல்கள் என்று நம்பிய இரண்டு குழுக்களை நானே சந்தித்திருக்கிறேன். அவை ஐனார் செல்விக் இயற்றியவை. அவர் பாடும் பழஞ்செய்யுளை நீங்களும் பாடலாம், அவர் மெட்டில் பாட முடியாது.

உங்கள் மகனின் மற்ற ஐந்து பாடல்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவற்றில் லோகி தோரின் தம்பியாக வருகிறானா? அப்படியானால் அவன் படித்தது எட்டா அல்ல, அமெரிக்கப் படக்கதை. எட்டாவில் லோகி ஓடினோடு இரத்தம் கலந்து உடன்பிறப்பானவன். தோருக்குத் தம்பி முறை என்பது 1960-களின் மார்வெல் கற்பனை, அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் உங்கள் முகவரைப் போலப் பொய்யானவர்களும் அல்லர். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் இப்படித்தான். கண்டால்ஃப்ர் என்ற பெயர் வோலுஸ்பாவின் குள்ளர் பட்டியலிலேயே இருக்கிறது, அதற்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பெயரில் சாம்பல் நிற அங்கியும் கோலும் கொண்ட முதியவர் ஒருவர் பாடலுக்குள் நுழைந்தால், அவர் 1973-இல் இறந்த ஓர் எழுத்தாளரின் சொத்து, 2043 முடியும் வரை.

இப்போது இடைத்தரகர்களுக்குத் திரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குழு, இத்தகைய முகவர் ஒருவருக்குப் பணம் கட்டி, வைக்கிங் காலத்து ரூனிக் எழுத்து முத்திரை பதித்த அழகான 'உரிமப் பத்திரம்' ஒன்றைப் பெற்றிருந்தது. ஆறு மாதம் கழித்து, மொழிபெயர்ப்பின் உண்மையான பதிப்பகம் எழுதியது. பத்திரத்தைக் காட்டினார்கள், பதிப்பகத்தார் அதைப் பொருட்படுத்தவேயில்லை. உரிமை இல்லாதவரிடம் வாங்கிய அனுமதி, அனுமதியே அல்ல. இரண்டு முறை பணம் கட்டினார்கள். இன்னொரு வகையினர் 'உங்கள் பாடலைப் பதிவு செய்து தருகிறோம்' என்று வருவார்கள். நோர்வேயில் பதிப்புரிமைக்குப் பதிவேடே கிடையாது. பாடலை எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. (நம்மவர்கள் பதிப்புரிமையையும் கண்டுபிடிப்புக்கான உரிமையையும் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், கண்டுபிடிப்பைப் பதிவு செய்வது போலப் பாட்டையும் பதிவு செய்ய வேண்டும் என்ற மயக்கம் வேரூன்றிவிட்டது. தரகர்கள் பிழைப்பது இந்த மயக்கத்தில்தான்.) பாடல் ஒலிபரப்பாகும்போது வரும் தொகையைப் பெற டோனோ அமைப்பில் சேரலாம், அதில் நேரடியாகச் சேரலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

அந்த ஆள் 'நீக்கச் செய்வேன்' என்று மிரட்டுவதை மட்டும் வெற்று மிரட்டலாக ஒதுக்க முடியாததற்குக் காரணம், காணொளித் தளங்களின் அமைப்பு. அங்கே முறையிடுபவர் முதலில் முறையிடலாம், ஆராய்வது பிறகு. யூடியூபின் தானியங்கி முறையில் வந்த உரிமைகோரலை நீங்கள் மறுத்தால், மறுதரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம் பெறுகிறது. ஒரு சிறு குழுவின் வெளியீட்டில் அந்த முதல் 30 நாள்தான் எல்லாமே. திருடனுக்கு நாற்காலி கொடுத்து, வீட்டுக்காரரை வாசலில் நிற்க வைக்கும் ஏற்பாடு இது. அதனால்தான், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், வரிகளை மாற்றிய பிறகே வெளியிடுங்கள் என்கிறேன்.

மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு பதில் அனுப்புங்கள்: 'தாங்கள் குறிப்பிடும் மொழிபெயர்ப்பாளரின் பெயர், அவர் இறந்த ஆண்டு, தற்போதைய உரிமையாளர், அவர் தங்களை நியமித்த ஆவணம் ஆகியவற்றை அனுப்புங்கள்.' கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'எடுத்துவிட்டோம், தெரியாமல் நடந்தது' என்ற வகையில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். உண்மையான பதிப்பகமாக இருந்தால் ஒரு வாரத்தில் பெயரோடு பதில் வரும். வந்தால் எனக்கு எழுதுங்கள். தரகராக இருந்தால் இரண்டாவது மிரட்டல் வரும், பெரும்பாலும் 'சலுகைக் கட்டணத்தோடு'. அதற்குப் பதில் தேவையில்லை. முன்னோட்டத்தை இன்றே இறக்கிவிடுங்கள். உங்கள் மகனின் கைப்படி, அலைபேசிக் குறிப்புகள், ஒலிப்பதிவுக் கோப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அவனுக்கு இன்னும் 18 நிரம்பாததால், உரிமம், விநியோகம், மேலாண்மை என்று எந்தப் பெயரில் காகிதம் வந்தாலும் கையெழுத்து உங்களைத்தான் தேடி வரும். படிக்காமல் போடாதீர்கள், நோர்வேஜிய மொழியில் இருந்தால், மகனிடமே படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.