பளபளப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

குறைபார்வை உள்ள மகன் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறான். இருக்கிற பார்வையும் கெட்டுவிடாதா? (அல்சூர், பெங்களூரு)

கெடாது. பாதித் தூரத்துக்கு வந்தால் படம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அவனாகக் கண்டுபிடித்த வழி அது, தடுக்காதீர்கள். குறைபார்வையை அதிகம் பயன்படுத்தாமல் 'சேமிக்க' வேண்டும் என்று ஒரு காலத்தில் பள்ளிகளே நம்பின. அமெரிக்காவில் நேட்டலி பராகா 1964-இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி கொடுத்தால் இக்குழந்தைகள் இருக்கிற பார்வையை நன்றாகப் பயன்படுத்தக் கற்பார்கள் என்று காட்டியது. கழுத்து வலிக்காமலிருக்கச் சாய்வுப் பலகை ஒன்று செய்துகொடுங்கள்.

மகளுக்குப் பார்வை சரியில்லை. நல்ல பொம்மை ஒன்று சொல்லவும். (பானஸ்வாடி)

வயது இல்லை, நோயின் பெயர் இல்லை, ஒரு கண்ணா இரு கண்ணா என்றுகூட இல்லை. நான் என்ன சோதிடமா பார்க்கிறேன்? கண் மருத்துவரின் அறிக்கையோடு மறுபடி எழுதுங்கள்.

பார்வைப் பயிற்சிக்கான லைட் பாக்ஸை (உள்ளிருந்து ஒளிரும் பெட்டி) வீட்டிலேயே செய்ய முடியுமா? (சிவாஜி நகர்)

முடியும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நம்மூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. பட்டை, மூடியின் உட்புறம் ஒட்ட பட்டர் பேப்பர். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். விளக்கு நேராகக் கண்ணில் படக்கூடாது. அறையைச் சற்று இருட்டாக்கி, ஒளி ஊடுருவும் வண்ணப் பொருள் ஒன்றை மேலே வையுங்கள். பத்து நிமிடம் போதும். மினுக்கும் விளக்கு கூடாது; வலிப்பு வரும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மூன்று வயது மகளுக்கு மூளைசார் பார்வைக் குறைபாடு. சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டியிருக்கிறோம். லேமினேட் செய்த அட்டைகளும் காட்டுகிறோம். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (ஸ்ரீராமபுரம்)

எப்படிப் பார்ப்பாள்? இவ்வகைக் குறைபாட்டில் கண் நன்றாக இருந்தாலும், வந்து குவியும் காட்சியைப் பிரித்தறிய மூளை திணறுகிறது. யானை, ஆப்பிள், அ, ஆ, ரயில் எல்லாம் ஒரே சுவரில் இருந்தால் அவளுக்கு அது வெறும் சந்தடி. முதலில் சுவரைக் காலியாக்குங்கள்.

அடுத்தது லேமினேஷன். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. கிழியாமல் இருக்கும் என்று பெரியவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அட்டையை மேசையில் வைத்து, அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள்: படம் தெரியாது, டியூப் லைட்தான் தெரியும். பெரிய விலை கொடுத்து வாங்கும் பயிற்சிப் பெட்டிகளிலும் இதே வழவழப்பைப் பார்த்திருக்கிறேன்.

அட்டைக்கு முன்னால் பொருள். கறுப்புத் துணி விரித்து, ஒரே நிறத்தில் ஒரு பொருளை வையுங்கள். பல குழந்தைகளுக்குச் சிவப்போ மஞ்சளோ எளிதில் பிடிபடும். உங்கள் மகளுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ல அசையுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள். அரை நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் "இங்கே பாரு, இங்கே பாரு" என்று தாத்தாவிலிருந்து அத்தை வரை கூவினால், காது வேலை செய்யும், கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். அவள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியபடி கை நீட்டினால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். இவர்களில் பலர் அப்படித்தான் எடுப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தை விட நல்ல பயிற்சி இல்லை. பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால் எது இட்லி, எது வெளிச்சம்? மங்கலான கருநீலத் தட்டுக்கு மாறுங்கள். இவளுக்கும் வலிப்பு இருந்தால், மேலே மினுக்கும் விளக்கைப் பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

குறைப்பிரசவக் குழந்தை, பிறந்த எடை 1,600 கிராம், பிறந்து மூன்று வாரம். கறுப்பு-வெள்ளை அட்டைகள் எப்போது காட்டலாம்? (கே.ஆர். புரம்)

அட்டை இருக்கட்டும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். இந்த வாரமே போங்கள்.

ஐந்து வயது மகனுக்குப் பார்வை படிப்படியாகக் குறையும் என்கிறார்கள். பெரிய எழுத்தா, பிரெயிலா? வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் வேறு. (ராமமூர்த்தி நகர்)

இரண்டும், ஒன்றாகவே. பிரெயில் கற்றால் கண்ணைப் பயன்படுத்த மாட்டான் என்பது பொய். மொழிக் கவலையும் வேண்டாம்: இந்திய மொழிகளுக்குப் பொதுவான, தொட்டுப் படிக்கும் புள்ளியெழுத்தான பாரதி பிரெயிலில் தமிழ் 'க'வுக்கும் கன்னட 'க'வுக்கும் அதே இரண்டு புள்ளிகள்தான். தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.