பட்டப்பெயர் தானாக வரட்டும்: வாசகர் கேள்வி பதில்

சைபர்பங்க் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிற வாசகர்களிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைப் பற்றி, டீமுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி, வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. (பெருநிறுவனங்கள் ஆளும் இருண்ட எதிர்காலத்தில், ஆளுக்கொரு கேரக்டராக மேஜையில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்துகிற விளையாட்டு இது.) சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் புதிதாக ஷேடோரன் ஆட ஆரம்பித்திருக்கிறோம். முதல் செஷனில் எங்கள் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒருவர் மட்டும், "திருடப் போகிறவன் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டா போவான்?" என்று கேட்டு, பெயரே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நான் அவர் பக்கம்தான், ஆனால் அவர் சொல்கிற காரணம் பாதிதான்.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். ஷேடோரனில் ஆட்டக்காரர்கள் பெருநிறுவனங்களிடம் கூலி வாங்கிக்கொண்டு திருட்டு வேலை செய்கிற 'ரன்னர்கள்'. 1989ல் வெளிவந்த நாளிலிருந்தே ஷேடோரன் உலகம் பெயரை மறைப்பதில்தான் நிற்கிறது. வேலை கொடுக்க வருகிறவர் எந்த நிறுவனத்து ஆளாக இருந்தாலும் அவர் பெயர் 'மிஸ்டர் ஜான்சன்'. வேலை எடுக்கிறவர்களில் பலருக்கு அரசாங்கப் பதிவில் அடையாள எண்ணே கிடையாது, இருப்பதும் போலி, ஆளைக் கூப்பிடுவது தெருப்பெயரைச் சொல்லித்தான். காரியம் முடிந்ததும் ஜான்சனின் நிறுவனம் 'இவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது' என்று கைகழுவ முடிய வேண்டும், கூலி கொடுப்பதே அதற்காகத்தான். அங்கே போய் ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொல்லி நின்றால் அவர் அடுத்த கூட்டத்தைத் தேடிப் போய்விடுவார். விதிகளும் இதையேதான் சொல்கின்றன. ஷேடோரன் ஐந்தாம் பதிப்பில் ஸ்ட்ரீட் கிரெட் (தெருவில் மதிப்பு), நொட்டோரைட்டி (கெட்ட பெயர்), பப்ளிக் அவேர்னெஸ் (ஊருக்குத் தெரிந்த அளவு) என்று புகழுக்கு மூன்று கணக்கு உண்டு, மூன்றும் அவரவர் கேரக்டர் தாளில்தான் ஏறும். சைபர்பங்க் ரெட் என்ற இன்னொரு விளையாட்டிலும் ரெப்யூட்டேஷன், அதாவது புகழ், ஆளுக்கு ஆள் தனி, 10 வரை போகும், இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது கூல் (பதறாமல் நிற்கும் திறன்) மதிப்போடும் பகடையோடும் அதைக் கூட்டிப் பார்த்துத்தான் யார் பின்வாங்குவது என்று முடிவாகும். டீமுக்கு என்று அங்கே ஒரு எண் கிடையாது.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். பெயர் வரலாம், வரவும் வேண்டும், ஆனால் முதல் நாள் வேண்டாம். முதல் நாளில் உங்கள் கூட்டம் இன்னும் ஒரு பூட்டைக்கூட உடைக்கவில்லையே, எதை வைத்துப் பெயர் வைப்பீர்கள்? அதனால்தான் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதனால்தான் கடைசியில் எல்லோருக்கும் 'நிழல்', 'நியான்', 'ஓநாய்' என்றே வந்து நிற்கிறது. பள்ளியில் நம் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதை நாமாகவா வைத்துக்கொண்டோம்? என்றைக்கோ நாம் செய்த ஏதோ ஒன்றைப் பார்த்து யாரோ வைத்தது, அதனால்தான் அது ஒட்டிக்கொண்டது.

நான் கேம் மாஸ்டராக, அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவராக, இருந்த ஒரு விளையாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பேர், ஒரு மருந்து நிறுவனத்தின் 31வது மாடியில் வேலை, எடுக்க வேண்டியது ஒரு சின்ன டேட்டா சிப். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் கூட்டத்தின் ஹேக்கரான நெட்ரன்னர் கதவைத் திறக்கப் பகடை உருட்டி மோசமாகச் சொதப்பினார், கதவுக்குப் பதில் அந்த மாடி முழுக்கத் தீயணைப்புத் தண்ணீர் திறந்துகொண்டது. நால்வரும் தொப்பலாக நனைந்து, ஈரக் காலோடு 31 மாடி படியிறங்கி, போகும் வழியெல்லாம் தண்ணீர்த் தடம் விட்டுக்கொண்டே தப்பித்தார்கள். மறுநாள் பணம் கொடுக்க வந்த ஃபிக்சரின், அதாவது வேலை பிடித்துக் கொடுக்கிற தரகரின், குரலில் நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "வாங்கப்பா நனைஞ்ச கோழிங்களா." மேஜையில் இரண்டு பேருக்குக் கோபமே வந்தது. அதற்கு முந்தைய வாரம் அவர்கள் ரொம்ப யோசித்துப் பிடித்து வைத்திருந்த கம்பீரமான பெயர் ஒன்று இருந்தது, சத்தியமாக எனக்கு இப்போது அது நினைவில் இல்லை. ஆறாவது வேலையில் அந்த இரண்டு பேரில் ஒருவர், கேமராவை அணைத்துப் பெட்டகத்தைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், "கொஞ்சம் இருங்க, உள்ளே ஒரு இறகை வைத்துவிட்டு வருகிறேன்" என்றார். அன்றிலிருந்து அது அவர்களுடைய பெயர்.

எனவே டீம் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். மூன்று நான்கு வேலை போகட்டும்.

கேள்வி: கேம் மாஸ்டராக எனக்கு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பெயரே இல்லை என்றால் கதையில் வருகிற மற்றவர்கள் இவர்களை எப்படிக் குறிப்பிடுவார்கள்? ஒவ்வொரு தடவையும் "அந்த நான்கு பேர்" என்று சொல்லச் சலிப்பாக இருக்கிறது.

பதில்: இதைச் சிக்கலாகப் பார்க்காதீர்கள், உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல கருவி இது. ஒரே கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லட்டும். நிஜ உலகத்திலேயே அப்படித்தான். ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு ஹேக்கர் கூட்டத்தை ஒரு பாதுகாப்பு நிறுவனம் ஏபிடி28 என்று எண் போட்டுக் கூப்பிடுகிறது, இன்னொன்று ஃபேன்சி பேர் என்கிறது, மைக்ரோசாஃப்ட் முதலில் ஸ்ட்ரான்ஷியம் என்று சொல்லிக்கொண்டிருந்து 2023ல் ஃபாரஸ்ட் பிளிஸார்ட் என்று மாற்றிக்கொண்டது. எல்லாம் துரத்துகிறவர்கள் தங்கள் வசதிக்கு வைத்தவை.

உங்கள் மேஜையில் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்றால், அடிபட்ட நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு ஒரு கோப்பு எண் கொடுக்கும், உணர்ச்சியே இல்லாமல், 'குழு 7-சி' என்கிற மாதிரி. ஃபிக்சருக்கு அவர்கள் 'நம்ம பசங்க', பணம் பாக்கி இருந்தால் மட்டும் வேறு ஏதாவது. தெருவில் பேசிக்கொள்கிறவர்கள் பாதி உண்மையும் பாதி கற்பனையுமாக ஒன்றைச் சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே ஆட்கள்தான் என்பது கதைக்குள் யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரை உங்கள் ஆட்டக்காரர்கள் பத்திரம். என்றைக்கு ஒரு விசாரணை அதிகாரி '7-சி'யையும் தெருப்பெயரையும் ஒரே தாளில் எழுதி நடுவே ஒரு கோடு போடுகிறாரோ, அன்றைய செஷனுக்கு நீங்கள் வேறு வில்லனே தேட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே பெயர் வைத்து, சின்னம் வரைந்து, ஜாக்கெட் முதுகில் போட்டுக்கொள்வதாக எழுதியும் விட்டார்கள். கதை இருட்டானது, இவர்களோ சூப்பர்ஹீரோ அணி மாதிரி நடக்கிறார்கள். எப்படிப் பாடம் புகட்டுவது?

பதில்: பாடம் புகட்டவே வேண்டாம். அவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது, ஒரு கேம் மாஸ்டருக்கு அதைவிட என்ன வேண்டும்? பெயருக்கு விலை இருக்கிறது என்பதை மட்டும் கதையில் காட்டுங்கள்.

அந்த விலை நிஜத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் லீஜன் ஆஃப் டூம் என்று ஒரு ஹேக்கர் கூட்டம் இருந்தது. பெயரை எடுத்தது சூப்பர்ஹீரோ கதைகளில் வருகிற வில்லன் கூட்டத்திலிருந்து. இளைஞர்களுக்கு அது ஒரு குஷி, ஆனால் அதே பெயரை ஒரு போலீஸ்காரர் தன் கோப்பில் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார், கர்ப்ஸ் சைபர்பங்க் என்ற ரோல்பிளேயிங் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1990 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் அந்த அலுவலகத்தில் புகுந்து கணினிகளோடு அந்தக் கையெழுத்துப் பிரதியையும் அள்ளிக்கொண்டு போனது. நிறுவனத்தின் மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதியவில்லை, 1993ல் வழக்கில் நிறுவனமே ஜெயித்து 50,000 டாலர் இழப்பீடும் வாங்கியது, ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஆட்குறைப்பு செய்யும் நிலைக்குப் போனார்கள். பெயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், திருட்டுப்போன ஒரு டெலிபோன் கம்பெனி ஆவணத்தின் பின்னால் ஓடிய பெரிய விசாரணை அது. ஆனால் தொழில்முறையில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் மேஜை வரைக்கும் அந்த விசாரணை வந்து சேர்ந்ததில் அந்தக் கூட்டத்தோடு அவருக்கு இருந்த சம்பந்தத்துக்குப் பங்கு உண்டு. இதை அப்படியே உங்கள் கதையில் வையுங்கள்: ஜாக்கெட் போட்ட ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களில் ஒருவர் பகலில் வேலை பார்க்கிற இடத்தில் ரெய்டு.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் காட்டுங்கள். சில குற்றங்களில் பெயர்தான் முதல். பணயத்தொகை கேட்டுக் கணினிகளைப் பூட்டுகிற கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் இவர்கள் நிஜமாகவே பூட்டைத் திறப்பார்கள் என்று பாதிக்கப்பட்டவர் நம்பினால்தான் பணம் வரும், அந்த நம்பிக்கைக்குத் தெரிந்த பெயர் ஒன்று தேவைப்படுகிறது. 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தின் கணினிகளைப் பூட்டி, 75 பிட்காயின் வாங்கியது டார்க்சைட் என்ற கூட்டம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெட்ரோல் தட்டுப்பாடே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் அந்தப் பெயர் தாங்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது, கடையைக் கட்டுகிறோம் என்று அறிவித்தார்கள், அதே கோடையில் பிளாக்மேட்டர் என்று ஒரு புதுக்கூட்டம் தலைகாட்டியது. பழைய ஆட்களே சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் எழுதியது. உங்கள் ஆட்டக்காரர்களுக்கும் அந்த நாள் வரட்டும். ஆசையாக வரைந்த சின்னத்தை ஜாக்கெட்டிலிருந்து பிரித்தெடுக்கிற அந்தக் காட்சிக்கு ஒரு முழு செஷனே கொடுக்கலாம்.

கேள்வி: நாங்கள் ஆடுவது கூலிக்கு வேலை செய்கிற ரன்னர்கள் கதை இல்லை, ஒரு தெருவைப் பிடித்து வைத்திருக்கும் கேங். அப்போதும் காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், உடனே வையுங்கள். தெருவைப் பிடித்தவனுக்குப் பெயர்தான் வேலி, சுவரில் அது எழுதியிருந்தால்தான் அடுத்தவன் உள்ளே வர யோசிப்பான். சைபர்பங்க் விளையாட்டின் கற்பனை நகரமான நைட் சிட்டியில் மேல்ஸ்ட்ராம், டைகர் கிளாஸ், வாலன்டினோஸ் என்று எல்லா கேங்குக்கும் பெயரும் நிறமும் இருப்பது அதனால்தான். கூட்டத்துக்கு என்றே விதி வேண்டுமென்றால் பிளேட்ஸ் இன் தி டார்க் விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது சைபர்பங்க் கிடையாது, ஆனால் அங்கே கூட்டத்துக்கே தனித் தாள் உண்டு, தொடங்கும்போதே 'துணிச்சல்காரர்கள்', 'கொடூரமானவர்கள்' என்கிற மாதிரி எந்தப் பெயரெடுக்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், வேலைக்கு வேலை ரெப்பும் (கூட்டத்தின் புகழ்) ஏறும், போலீஸ் சூடும் (அவர்கள் தேடும் தீவிரம்) ஏறும்.

கேள்வி: தமிழில் ஆடுகிறோம். கதை நடப்பது எதிர்கால மாநகரத்தில். டீம் பெயர் தமிழில் வைத்தால் ஒட்டவில்லை, ஆங்கிலத்தில் வைத்தால் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் நம்மிடமே இருக்கிறது. குறுந்தொகையில் சில பாடல்களை எழுதியவர்களின் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டிலேயே எது மனதில் நின்றதோ அதையே பெயராக்கிவிட்டார்கள். செம்மண்ணில் பெய்த மழையைச் சொன்னவர் செம்புலப்பெயல்நீரார், ஆள் போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். செய்த வேலையில் இருந்த ஒரே ஒரு காட்சி, அவ்வளவுதான் பெயர். 2003ல் லண்டனில் நடந்த ஒரு நகைக் கொள்ளையில் வைரம் ஒன்று முகக் க்ரீம் டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது, 'பிங்க் பாந்தர்' வரிசையில் ஒரு பழைய சினிமாவில் வந்த தந்திரம், அதை வைத்துத்தான் அந்தக் கொள்ளையர்களுக்குப் 'பிங்க் பாந்தர்ஸ்' என்று பெயர் வந்தது, அதுவும் இதே முறைதான். எனவே தமிழா ஆங்கிலமா என்று பார்க்காதீர்கள். போன வேலையில் கண்ணில் நின்றது எது என்று மேஜையில் கேளுங்கள். உடைந்த குடையா, பாதியில் நின்ற லிஃப்ட்டா? 'பாதி லிஃப்ட்' என்று ஒருவர் சொல்லி மற்றவர்கள் சிரித்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் ஆரம்பத்தில் இருந்த நால்வரில் மூன்று கேரக்டர்கள் இறந்துவிட்டன. புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். பழைய பெயரை வைத்திருக்கலாமா?

பதில்: மிச்சமிருக்கும் அந்த ஒரு கேரக்டரைக் கேளுங்கள், ஆட்டத்துக்குள்ளேயே, எல்லோர் முன்னாலும். புது ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பேரம் பேசுகிற முதல் நாளில் அவர் எழுந்து வெளியே போகிறாரா, பக்கத்தில் வந்து நிற்கிறாரா என்பதை அவரை ஆடுகிறவர் முடிவு செய்யட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள், பகடையும் வேண்டாம்.