பேதுரு பாறையா இல்லையாங்கற சண்டைல உங்க ஞானஸ்நானத்த ஏன் இழுக்கறாங்க?

கேள்வி: நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), பேசி முடிச்சிருக்கற மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை, புராட்டஸ்டண்ட்). அவங்க வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வர்ற பிரசங்கியார் ஒருத்தர், பேதுருவ பாறைன்னு சொல்றது கள்ளச் சபை, அங்க எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, கல்யாணத்துக்கு முன்னாடி மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கணும்ங்கறார். மத்தேயு 16:18-க்கு நான் என்ன பதில் சொல்ல? (வாசகி, தூத்துக்குடி)

முழுக்கு வேண்டாம், முதல்ல அந்த பயத்த விடுங்க. சி.எஸ்.ஐ. சபையும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கற சபைதான், பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால தண்ணில ஒருதடவ வாங்கிட்டா மறுபடி கொடுக்கற வழக்கம் ரெண்டு பக்கமும் கிடையாது. அந்த பிரசங்கியார் சி.எஸ்.ஐ. ஐயர்தானா (சபைப் போதகரா) இல்ல தனி ஊழியம் நடத்தறவரான்னு மாப்பிள்ளைகிட்ட கேளுங்க. கல்யாண நேரத்துல பொண்ணு வீட்டார் பயத்துல இருக்கறது தெரிஞ்சே முழுக்கு, காணிக்கை, சர்டிபிகேட்னு வர்றவங்க இருக்காங்க, ஜாக்கிரதை.

இப்ப வசனம். "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்"னு இயேசு சொல்றார், அதான் மத்தேயு 16:18. ரெண்டு கேள்விய ஒண்ணாப் போட்டுக் குழப்பறாங்க. இயேசு பாறைன்னு சொன்னது யாரை, இது ஒண்ணு. பேதுருவுக்குக் கொடுத்த பொறுப்பு ரோம் பிஷப்புக்கு, அதாவது போப்புக்கு, வழிவழியா வருதா, இது வேற.

முதல் கேள்விக்கு பேதுருன்னு சொன்னா ஒருத்தர் கள்ளச் சபை ஆயிட மாட்டார். ஆஸ்கார் குல்மான்னு ஒரு லூத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட், அறிஞர், 1952-லயே பாறை பேதுருதான்னு எழுதியிருக்கார். கிரேக்கத்துல பேதுருங்கற பேரு (பெத்ரோஸ்) சின்னக் கல்லு, சபையக் கட்டற கல்லு (பெத்ரா) பெரிய பாறைன்னு வீடியோல சொல்றத வச்சு பயப்படாதீங்க, இயேசு பேசின அரமேய மொழில ரெண்டுக்கும் கேபாங்கற ஒரே சொல்லுதான். அதே சமயம் ஆதிச் சபை பிஷப் புனித அகுஸ்தினார் ஆரம்பத்துல பேதுருன்னு சொல்லிட்டு, பிற்காலத்துல பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துதான் பாறைன்னு விளக்கம் சொல்லி, ரெண்டுல எது சரின்னு வாசகரே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டார். அவர நம்ம சபை புனிதர் பட்டியல்லருந்து எடுக்கல.

உண்மையான சண்டை ரெண்டாவது கேள்விலதான். குல்மான் பேதுருவ பாறைன்னு ஒத்துக்கிட்டாலும் அஸ்திவாரம் ஒருதடவதான் போடுவாங்க, அது அடுத்தவருக்குப் போகாதுங்கறார், இத கவனிங்க, ஏன்னா நம்ம ஆளுங்க பாதிப்பேர் பாறை பேதுருன்னு நிரூபிச்சதும் போப்பும் நிரூபணம் ஆயிட்டார்னு நினைச்சுக்கறாங்க, ஆகல. கத்தோலிக்கர் அதுக்கு அடுத்த வசனத்துல பேதுருவுக்கு இயேசு தர்ற பரலோகராஜ்யத்தோட திறவுகோல்களையும், கட்டவும் அவிழ்க்கவும் தர்ற அதிகாரத்தையும்தான் காட்டணும். ஏசாயா 22-ல அரண்மனைப் பொறுப்பு செப்னாகிட்டருந்து எலியாக்கீமுக்குப் போகுது, சாவியும் அவன் தோள்மேல போகுது, ஆக இது ஆள் மாறினாலும் நிக்கற பதவிங்கறது நம்ம வாதம். புராட்டஸ்டண்ட்காரங்க மத்தேயு 18:18-அ காட்டி கட்டவும் அவிழ்க்கவும் எல்லா சீஷருக்கும்தானே அதிகாரம் கொடுத்தார்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஆனா திறவுகோல்ங்கற பேச்சு அங்க இல்ல. போப்போட அதிகாரத்த விசுவாச சத்தியமா அறிவிச்சது 1870-ல, கத்தோலிக்க பிஷப்புங்க கூடின முதல் வத்திக்கான் சங்கத்துல.

ஒத்த வசனத்த வெட்டி எடுத்து விக்கறவங்கள மட்டும் நம்பாதீங்க, எந்தப் பக்கமா இருந்தாலும். நம்ம பக்கம் 16:18-அ படிச்சுட்டு 23-ல அதே பேதுருவ "சாத்தானே"ன்னு இயேசு கண்டிச்சத விட்டுடுவாங்க. அவங்க அந்தியோகியால பவுல் பேதுருவ எதிர்த்து நின்னத, அதான் கலாத்தியர் 2:11, வாசிப்பாங்க, லூக்கா 22:31-32-அ விட்டுடுவாங்க. அத நீங்களே தமிழ்ல எடுத்துப் பாருங்க. சாத்தான் "உங்களை" புடைக்கக் கேட்டான்னு எல்லாருக்கும் சேத்து சொல்லிட்டு, நான் "உனக்காக" வேண்டிக்கிட்டேன், நீ திரும்பினபின் உன் சகோதரரைத் திடப்படுத்துன்னு சீமோன் பேதுரு ஒருத்தர்கிட்ட சொல்றார். எந்த முடிவுக்கு வந்தாலும் இத தாண்டிப் போக முடியாது.

பன்னெண்டு வருஷம் ஞாயிறு மறைக்கல்வி நடத்தறோம், கல்யாண வயசுப் பொண்ணுக்கு இந்த நாலு வசனம் தெரியாது, பங்குல யாருக்கும் இதப் பத்தி கவலையும் இல்ல, எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

நீங்க உண்மையில ஓட வேண்டியது கலப்புத் திருமண அனுமதிக்கு, அதாவது கத்தோலிக்கர் வேற சபைக்காரர கட்டிக்க நம்ம சபை கொடுக்கற அனுமதிக்கு. பங்கு ஃபாதர் வழியா மறைமாவட்டத்துக்கு எழுதணும், உங்க விசுவாசத்த விட மாட்டேன், பிள்ளைங்கள கத்தோலிக்கரா வளக்க முடிஞ்சத செய்வேன்னு நீங்க வாக்கு கொடுக்கணும், அத மாப்பிள்ளைகிட்ட தெரியப்படுத்தணும். கல்யாணம் சி.எஸ்.ஐ. கோவில்ல நடக்கணும்னா பிஷப் தனியா விலக்கு கொடுக்கணும், அந்த விலக்கு இல்லாம அங்க தாலி கட்டினா நம்ம சபை அத செல்லாதுன்னுதான் பாக்கும், அப்புறம் சரிபண்ண அலையணும். காகிதம் மேசைல கிடக்கும், ஃபாதர் மாறிடுவார், அதனால மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடியே மனு போடுங்க. பிஷப் ஹவுஸ்ல ஆள் தெரியும்னு காசு கேக்கறவர்கிட்ட கொடுக்காதீங்க, நேரா பங்கு ஆபீஸ்லயே கேளுங்க.