குழல் போன புட்டுப் பானைக்குச் சிரட்டை

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வசிக்கிறோம். எங்கள் புட்டுப் பானையின் அலுமினியக் குழல் நெளிந்து பயனற்றுப் போய்விட்டது. பானை மட்டும் நன்றாக இருக்கிறது. குளியலறைத் திருத்த வேலையில் மிஞ்சிய பிவிசி குழாயை வெட்டிக் குழலாகப் பொருத்தலாமா? பால்மா டின்னின் மூடியில் ஆணியால் துளையிட்டு இஞ்சி துருவவும், சிரட்டையில் அகப்பை செய்யவும் எண்ணியிருக்கிறேன். இவை பாதுகாப்பானவையா?

பதில்: குழாய் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குரிய பிவிசி ஏறத்தாழ 80 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். நீராவியோ 100 பாகையில் வருகிறது. குழாய் வளைந்துபோவது சிறிய சங்கடம்தான். குழாயைத் தயாரிக்கும்போது, பிவிசி வெப்பத்தில் சிதையாதிருக்கக் கலக்கும் நிலைநிறுத்திகளில் சில வகைகள் ஈயச் சேர்மங்களாக இருப்பதும், கையிலுள்ள துண்டு எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாததுமே பெரிய சிக்கல்.

உங்களுக்கு வேண்டிய குழலும் அகப்பையும் ஒரே தேங்காயில் இருக்கின்றன. நன்கு முற்றிய தேங்காயாகத் தெரிந்து, அதன் நடுவில் சுற்றிச் சுற்றிக் கத்தியின் பின்புறத்தால் தட்டிச் சம பாதியாக உடையுங்கள். மூன்று கண்களுள் மென்மையானதைக் குத்தித் திறந்தால், கண்ணுள்ள பாதி புட்டு அவிக்க உதவும். பானையின் ஒடுங்கிய வாயில் அதனை இறுக்கமாக இருத்தி, ஆவி ஓரத்தால் கசியாதபடி ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, கண்ணின் மேல் சிறிது தேங்காய்ப்பூவைப் பரப்பிய பிறகு மாவை அமுக்காமல் நிரப்புங்கள். மேலே ஆவி எழுந்ததும் சில நிமிடங்களில் வெந்துவிடும். மாவை இறுக அமுக்கினால் ஆவி ஏறாது. பலருக்கும் சிரட்டைப் புட்டு பிழைப்பது இந்த இடத்தில்தான்.

கண்ணில்லாத பாதியை அகப்பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளித் தும்பையும் உள்ளே ஒட்டிய தோலையும் கத்தியால் சுரண்டியபின், முதலில் 80 இலக்க மட்டத்தாளாலும், பின்னர் 240 இலக்கத்தாலும் தேய்த்து, கால் மணி நேரம் கொதிநீரில் அவித்து, நிழலில் உலர்த்துங்கள். கைப்பிடிக்கு மூங்கில் சிறந்தது. பழைய தும்புத்தடியின் பிடி கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் என்றாலும், சாயமோ வார்னிஷோ பூசியிருந்தால் அதைத் தொடாதீர்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு துளைகளை மெதுவாக இட்டு, உலர்ந்த மூங்கில் ஆப்புகளால் பிடியை அறைந்து இறுக்கலாம். ஈரம் பட்டதும் ஆப்பு உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். கம்பியால் கட்ட விரும்பினால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வேண்டும். சாதாரணக் கட்டுக்கம்பியின் நாகப் பூச்சு புளிக்குழம்பில் கரையும்.

டின் மூடித் துருவல் எனக்கு உடன்பாடில்லை. ஆணி துளைத்த இடத்தில் வெள்ளீயப் பூச்சு கிழிந்து இரும்பு வெளிப்படுவதால், கடற்காற்று வீசும் உங்கள் பகுதியில் அது விரைவில் துருவேறும். பிசிறும் இஞ்சியோடு கலக்கக்கூடும். டின்னை மூடியோடு மல்லி, மிளகாய் போட்டு வைக்கப் பயன்படுத்துங்கள்.

அகப்பையைக் கழுவியவுடன் துடைத்து, அலுமாரிக்குள் வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். நிறம் வெளிறும்போது சில துளி தேங்காயெண்ணெய் தேய்த்தால் போதும். விரிசல் கண்டால் அடுத்த தேங்காய் உடைக்கும் நாளில் புதிதொன்று செய்துகொள்ளுங்கள். ஒட்டுப்பசை போட்டு ஒட்ட வேண்டாம்.