பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்களுக்கு ஆஸ்திரேலியா ஏன் தனி விசா கொடுக்கிறது?

கருணை மட்டுமே காரணமில்லை. 2022 ஏப்ரலில் சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டதும் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குத் தூக்கம் போய்விட்டது. 2023 நவம்பரில் துவாலுவோடு ஃபலேபிலி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.

கடல் ஏறிவரும் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 10,000 பேர்தான். இந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் வரை குலுக்கலில் தேர்வாகி ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். கையில் வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. தாராளம்தான்!

ஆனால் அதே ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவைப் படியுங்கள். ராணுவம், காவல்துறை தொடங்கி துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் வரை, பாதுகாப்பு சார்ந்து துவாலு வேறு எந்த நாட்டோடு கைகோப்பதென்றாலும் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். சீனா தன் பகுதி என்று சொல்லும் தைவானைத் தனி நாடாக இன்றும் அங்கீகரிக்கும் வெகுசில நாடுகளில் துவாலுவும் ஒன்று. சீனாவை எட்ட நிறுத்தும் ஏற்பாடு என்றே இதை நான் பார்க்கிறேன்.